தாத்தா காரில் "ஹேண்ட் கியர்": மாற்றலாமா, வேண்டாமா?

தஞ்சாவூர்க்காரர்களில் 50 வயதைத் தாண்டியவர்கள் இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

முகூர்த்த நேரம் நெருங்குகிறது. கும்பகோணம் போகிற அம்பாசிடர் கார், பாபநாசம் தாண்டியதும் நடு ரோட்டில் நின்று விடுகிறது. டிரைவர் கீழே குதிக்கிறார். போனட்டைத் திறக்கிறார். உள்ளே கையை விட்டு எதையோ "டக்"கென்று தட்டுகிறார். மறுபடி வந்து உட்காருகிறார். கார் கிளம்புகிறது!

"என்னப்பா ஆச்சு?" என்று பின் சீட்டில் இருந்து பெரியவர் கேட்பார்.

"ஒண்ணுமில்லீங்க. கியர் பூட்டிக்கிச்சு!"

அந்தக் கியர், ஸ்டியரிங் அடியில் இடது பக்கம் நீட்டிக் கொண்டிருக்கும் "ஹேண்ட் கியர்". அம்பாசிடரிலும் பியட்டிலும் பல வருஷம் அதுதான் இருந்தது. இன்று டெல்டாவில் பல வீட்டுக் கொட்டகைகளில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிற கார்களிலும் அதுதான் இருக்கிறது.

தாத்தா ஓட்டிய காரைப் பேரன் எடுக்க நினைக்கிறான். அவன் பழகியதோ தரையில் இருக்கிற "ப்ளோர் கியர்". முதல் கியர் போடப் போய் மூன்றாவது விழுகிறது. வண்டி குதித்து நிற்கிறது. "மாத்திடலாமா?" என்று பட்டறைக்கு வருகிறான்.

ஏன் மேலே வைத்தார்கள்?

1930களின் கடைசியில் அமெரிக்கக் கார்களில் வந்த பழக்கம் இது. கியர் கம்பியைத் தரையில் இருந்து ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றினால் முன் சீட்டு முழு பெஞ்சாகி விடும். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அந்த நாள் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் நம் ஊரில் அம்பாசிடர் ஆனது. பியட் 1100ம் ஹேண்ட் கியரோடுதான் வந்தது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் தரைக் கியர். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் 1962ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். "ப்ளோர் கியர் என்றால் ரேஸ் கார்" என்று வாலிபர்கள் நினைத்ததில் தப்பில்லை. பியட்டுக்குத் தரைக் கியர் போட்டுக் கொள்வது அப்போதே ஒரு "ஸ்டைல்"!

நம் டாக்சிக்காரர்களுக்கு அது ஒத்து வரவில்லை. நவக்கிரக கோவில் சுற்றுலாவில் முன் பெஞ்சில் உட்காருகிற கூடுதல் ஆள்தான் லாபமே. கியர் நடுவில் முளைத்தால் அந்த ஆள் எங்கே உட்காருவார்?

ஏன் பூட்டிக் கொள்கிறது?

ஹேண்ட் கியருக்கு இரண்டு வேலை. முதலில் எந்த வரிசை என்று தேட வேண்டும். பிறகு அந்த வரிசையில் கியரைப் போட வேண்டும். இரண்டு அசைவும் ஸ்டியரிங் தண்டு வழியே கீழே இறங்கி, நெம்பு, ராடு, புஷ் என்று கை மாறிக் கை மாறிக் கியர் பாக்ஸுக்குப் போகிறது.

ஒவ்வொரு மூட்டிலும் துளி தேய்மானம் போதும். எல்லாம் சேர்ந்தால் கைப்பிடி "தொள தொள" என்று ஆடும். ஒரு வரிசையில் இருந்து முழுசாக வெளியே வராமல் அடுத்த வரிசைக்குப் போனால் பூட்டு விழுந்து விடும். அதைத்தான் டிரைவர் போனட்டுக்குள் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டு வருவார்.

தஞ்சாவூரில் இருந்து திருவையாறு போகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து ஆறு! பாலத்துக்குப் பாலம் ஏற்றம், இறக்கம். கியர் மாற்றி மாற்றியே புஷ் தேயும். ஆற்றங்கரைச் சேறும் அறுவடைத் தூசியும் சும்மா இருக்குமா?

அதனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பாதி கார்களுக்குக் கியரையே மாற்ற வேண்டியதில்லை. புஷ், பின் புதிதாகப் போட்டு, ராடு நீளத்தைச் சரி பார்த்து, கிரீஸ் வைத்தால் வெண்ணெய் மாதிரி விழும். கிளட்ச் சரியாக விடாவிட்டாலும் கியர் விழாது. பழி மட்டும் கைப்பிடி மேல்!

மாற்றினால் எப்படி?

இரண்டு வழி உண்டு.

ஒன்று, பழைய கியர் பாக்ஸை வைத்துக் கொண்டு ராடுகளை மட்டும் மாற்றுவது. செலவு குறைவு. கோளாறு அதிகம்! கம்பியை நடுவில் கீல் வைத்து மாட்டினால் கை முன்னே போகும்போது கால் பின்னே போகும். முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வந்து உட்காரும். கியர் பாக்ஸ் பக்க நெம்பைத் திருப்பிப் போட்டால்தான் நேராகும்.

இன்னொரு தப்பு, கம்பியின் தாங்கியைக் கார் தரையில் வெல்டிங் வைப்பது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறவை. தரை ஆடாது. பள்ளத்தில் இறங்கினால் கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவி விடும். பாலத்து இறக்கத்தில் இப்படி ஆனால் என்ன கதி? தாங்கியைக் கியர் பாக்ஸ் மேலேயே பொருத்த வேண்டும்.

இரண்டாவது வழி, கியர் பாக்ஸையே மாற்றுவது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கு 1817 சி.சி. இசுசூ எஞ்சின் வந்தது. அதோடு ஐந்து கியர், தரைக் கம்பி. அந்த எஞ்சினும் பாக்ஸும் ஜோடியாகக் கிடைத்தால் வேலை சுத்தம். பழைய 1489 சி.சி. எஞ்சினில் பாக்ஸை மட்டும் மாட்டுவது லேத் வேலை. நடுவில் இணைப்புத் தட்டு வேண்டும். புரப்பல்லர் ஷாப்ட் நீளமும் மாறும். மயிரிழை கோணினாலும் பேரிங் போய் விடும்.

எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அது. ஏற்றாமல் ஓட்டினால் ஆர்.சி. புதுப்பிக்கப் போகிற அன்று மாட்டிக் கொள்வீர்கள்.

ஓட்டை போடும் முன்...

எந்த வழியானாலும் தரையை வெட்டித்தான் ஆக வேண்டும். இங்கேதான் பேரன் யோசிக்க வேண்டும்.

2021ல் மத்திய அரசு "வின்டேஜ்" கார்களுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய கார், பழைய உருவம் மாறாமல் இருந்தால், "வி.ஏ." எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். ஆனால் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. அம்பாசிடருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, பாடிதான் எல்லாம். தரையை வெட்டினால் கேள்வி வரும். வாங்க வருகிறவரும் குனிந்து பார்த்து விலையைக் குறைப்பார்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014ல் நின்று விட்டது. பழைய சாமான் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டம்.

தினமும் ஓட்டப் போகிறவர் மாற்றிக் கொள்ளட்டும். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவர் புஷ் மாற்றி, ஒரு வாரம் மைதானத்தில் பழகினால் போதும் என்பது நம் கட்சி.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் கழற்றிய ராடு, நெம்பு, கைப்பிடி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். பட்டறையிலேயே விட்டு வந்தால் காயலான் கடைக்குத்தான் போகும்.