வயிற்றைப் புரட்டும் நாலு மாத்திரை

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் 'சானடோரியத்துல காட்டுறாங்க' என்று யாராவது சொன்னால் விளக்கம் தேவையில்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி அது. அன்றைக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். பிறகு மருந்து வந்தது. அதை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது சென்னை சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம். அன்று கொடுத்த பாஸ் என்ற மருந்தும் வயிற்றைப் படுத்தியெடுத்ததுதான்.

இப்போது ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள காசநோயாளிக்கு முதல் இரண்டு மாதம் தினமும் நாலு மாத்திரை. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு மருந்து. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும், 'உவ்வே' என்று ஓங்கரிக்கும்.

ஏன்? ரத்தத்தில் வரும் கண்ட கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டு. பின்மூளையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அது தளர்ந்திருக்கும். ரத்தத்தை ருசி பார்க்கவே வைத்த இடம் போல. பழக்கமில்லாத ரசாயனம் தட்டுப்பட்டால் 'விஷம், வெளியே தள்ளு' என்று உத்தரவு போடும். காப்பாற்ற வந்த மருந்தென்று அதற்கு எப்படித் தெரியும்? குடலிலிருந்தும் புகார் போகும். எரிச்சலான குடல் செல்கள் செரோடோனினைக் கக்க, வேகஸ் நரம்பு சேதியை மேலே கொண்டுபோகும். வாந்தியை நிறுத்த டாக்டர் எழுதித் தரும் ஒண்டான்செட்ரான் இந்தச் சேதியைத்தான் மறிக்கிறது.

பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். நாலு நாள் குமட்டினால் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாற அது வழி செய்துவிடலாம். வெறும் வயிற்றில் போடுவதுதான் சிறந்தது என்றாலும், புரட்டினால் இரண்டு இட்லிக்குப் பிறகு போட்டுக்கொள்ள டாக்டரே சொல்வார். கடையில் நீங்களாக அசிடிட்டி மருந்து வாங்கிக் குடிக்காதீர்கள். அலுமினியம் கலந்த மருந்துகள், அந்த நாலு மருந்தில் ஒன்றான ஐசோனியசிட் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது நாலில் இன்னொன்றான ரிஃபாம்பிசினின் சாயம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாந்தி நிற்காமல், சாப்பாடு பிடிக்காமல், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அடி வாங்குவது கல்லீரல். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.