திறவுகோல் யாரிடம்? - கிறிஸ்தவத் திருச்சபையில் ஆன்மீக அதிகாரம்

"சேர், பாப்பரசர் சொன்னா எல்லாக் கிறிஸ்தவங்களும் கேக்கணும்தானே? அப்ப நம்மட சந்தியில இருக்கிற போதகர் ஏன் அவரப் பத்தி வாயே திறக்கிறல்ல?"

சாதாரண தரத்து மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. நம்மில் படித்தவர்கள் பலரும் இந்த இடத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். கிறிஸ்தவர் எல்லாரும் ஒன்று, அவர்களுக்கு ஒரே தலைவர் என்று எண்ணிக்கொள்கிறோம். பிறர் நம்மைப் பற்றி இப்படிப் பேசினால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது.

கத்தோலிக்கரின் சங்கிலித் தொடர்

மத்தேயு சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சீடர் சீமோனுக்குப் 'பாறை' என்று பொருள்படும் பேதுரு என்ற பெயரைச் சூட்டி, வானரசின் திறவுகோல்களை அவரிடம் ஒப்படைப்பதாக வருகிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் 'இராயப்பர்' எனப்படுபவர் இவரே. உரோமாபுரி ஆயர் இந்தப் பேதுருவின் வாரிசு என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஏனைய ஆயர்களும் சீடர்களின் வழித்தொடராகவே கருதப்படுகின்றனர். ஓர் ஆயர் தலையில் கைவைத்துத்தான் இன்னொருவர் ஆயராகிறார். குறைந்தது மூன்று ஆயர்களாவது கூடி இதைச் செய்ய வேண்டும் என்று 325ஆம் ஆண்டின் நிக்கேயா சங்கமே விதித்துவிட்டது.

இஜாஸாவையும் அறிவிப்பாளர் தொடரையும் அறிந்த நமக்கு இது ஓரளவு விளங்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நமது தொடர் அறிவைக் கொண்டுவருகிறது. அவர்களுடையது அதிகாரத்தையே கொண்டுவருகிறது. குருப்பட்டம் பெறாத ஒருவர் எவ்வளவு கற்றவரானாலும் திருப்பலி ஒப்புக்கொடுக்கவோ, பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவமன்னிப்பு வழங்கவோ முடியாது. நம்மிடமோ ஓதத் தெரிந்த எவரும் முன்னின்று தொழுவிக்கலாம். அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் குரு இல்லை.

பாப்பரசர் 'தவறே செய்யாதவர்' என்று கத்தோலிக்கர் நம்புவதாக நம்மவர்கள் சொல்லுவாங்க. அது சரியல்ல. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த வழுவாவரம், விசுவாசம், ஒழுக்கம் ஆகியவை பற்றி முழுத் திருச்சபைக்கும் அவர் முறைப்படி அறுதியாகப் பிரகடனம் செய்யும்போது மட்டுமே பொருந்தும். அதன்பின் அது அவ்வாறு பயன்பட்டது 1950இல், மரியன்னையின் விண்ணேற்பு பற்றிய பிரகடனத்தில். மற்றப்படி அவரும் பாவசங்கீர்த்தனம் செய்கின்ற ஒரு மனிதர்தான்.

அவரைத் தெரிவுசெய்வோர் 80 வயதுக்குட்பட்ட கர்தினால்மார். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அடுத்த கலீபாவைத் தெரிவுசெய்ய உமர் (ரழி) அவர்கள் அறுவர் கொண்ட ஷூராவை நியமித்தது இவ்விடத்தில் நினைவுக்கு வரலாம். ஆனால் கலீபாவிடம் பாவம் மன்னிக்கும் அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை.

சங்கிலி அறுந்த இடங்கள்

1054இல் கிழக்குத் திருச்சபைகள் உரோமையிலிருந்து பிரிந்தன. 1517இல் லூதர் எழுப்பிய குரல், விசுவாசிகள் எல்லாருமே குருக்கள்தான் என்ற கொள்கைக்கு இட்டுச் சென்றது. 1534இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தன்னையே அந்நாட்டுத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். அங்கிலிக்கரிடம் ஆயர் உண்டு, பாப்பரசர் இல்லை. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்தரிடம் மாநாடு கூடித் தலைவரைத் தெரிவுசெய்கிறது. பப்திஸ்து சபைகளில் அந்தந்தச் சபையே தன் போதகரைத் தேர்ந்தெடுக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பரிசுத்த ஆவியின் அழைப்பே முதன்மையானது. பல இடங்களில் சபையைத் தொடங்கியவரே தலைவர். சந்தியில் இருக்கும் போதகர் பாப்பரசரைப் பற்றிப் பேசாததன் காரணம் இதுதான்.

நமக்கு என்ன?

சூரா அத்தவ்பாவின் 31ஆம் வசனம், பாதிரிகளையும் துறவிகளையும் ரப்புகளாக்கிக்கொண்டதைக் கண்டிக்கிறது. முன்னர் கிறிஸ்தவராக இருந்த அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள், "நாங்கள் அவர்களை வணங்கவில்லையே" என்று கேட்டபோது, ஹலாலையும் ஹராமையும் அவர்கள் மாற்றியபோது அதற்குக் கீழ்ப்படிந்ததே அந்த வணக்கம் என்று நபியவர்கள் (ஸல்) விளக்கியதாக திர்மிதியில் பதிவாகியுள்ளது. அதே குர்ஆன், சூரா அல்மாயிதாவின் 82ஆம் வசனத்தில், பெருமையடிக்காத பாதிரிகளையும் துறவிகளையும் பற்றி நல்லதும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்விக்குள்ளாகாத அதிகாரத்தின் விளைவை அவர்களும் அனுபவித்தார்கள். சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்த குருமாரைத் தண்டிக்காமல் பங்கு மாற்றி மறைத்த விவகாரம் 2002இல் அமெரிக்காவின் பொஸ்டனில் வெளிவந்து, அங்கிருந்த கர்தினால் பதவி விலக நேர்ந்தது.

நம்மட வியாதி வேறு. கிழக்கிலே குடிக்கொரு மரைக்காயர் பள்ளி நிர்வாகத்தில் அமர்ந்தார். லெப்பை மார்க்கக் கடமைகளைச் செய்தார். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழும் நிர்வாகம் நம்பிக்கையாளர்களிடமே உள்ளது. ஊர் மக்கள் கணக்குக் கேட்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் மிம்பரில் நிற்பவரின் சம்பளமும் அதே கைகளில்தான். எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவர் ஒரு ஜும்ஆவில் சீதனத்தைக் கண்டித்துப் பேசினார். அடுத்த மாதம் அவருக்கு அந்தப் பள்ளியில் வேலை இல்லை. கத்தோலிக்கப் பங்கொன்றில் ஊர்ப் பணக்காரர் பங்குத்தந்தையை இப்படி வெளியே அனுப்ப முடியாது. ஆயர்தான் மாற்ற வேண்டும்.

நமக்கு ஆயர் தேவையில்லை. ஆனால் உண்மை பேசும் கதீபுக்கு ஒரு நியமனக் கடிதம், முன்னறிவித்தல், முறையான விசாரணை இவையாவது வேண்டாமா? அடுத்த வீட்டாரின் திறவுகோலைப் பற்றி விசாரித்த மாணவன், நாளை நம்மட பள்ளித் திறவுகோல் யாரிடம் என்றும் கேட்பான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.