பிழைக்கு எத்தனை பெயர்!

இங்கிலீஷ் பாஷையில் ஓர் எழுத்துக்கூடப் படிக்காதவர்களும் நம் நாட்டில் அறிந்திருக்கும் இங்கிலீஷ் பதங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'மிஸ்டேக்'. குழம்பில் உப்பு ஏறிவிட்டாலும் மிஸ்டேக். கணக்கப்பிள்ளை ஒரு சைபரை அதிகமாகப் போட்டுவிட்டாலும் மிஸ்டேக். பெண் வீட்டார் சொன்னதைப் பிள்ளை வீட்டார் வேறு விதமாக அர்த்தம் செய்துகொண்டு கலியாணமே நின்றுபோனாலும் அதுவும் மிஸ்டேக்தான். இங்கிலீஷைப் பல வருஷங்கள் வாசித்துப் பட்டம் பெற்றவர்களும் இந்த விஷயத்தில் அதிகம் முன்னேறியிருப்பதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பாஷையைத் தாய்மொழியாக உடையவர்கள் எல்லாப் பிழைகளையும் இப்படி ஒரே மூட்டையில் கட்டுவதில்லை. ஒரு பிழைக்கு அவர்கள் இடும் பெயரைக் கவனித்தால் போதும். குற்றத்தை யார் தலையில் வைக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

'மிஸ்டேக்' என்பது வட ஐரோப்பியக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் பாஷையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பதம். 'தவறாக எடுத்தல்' என்பது அதன் மூலப்பொருள். மூலையில் இரண்டு குடைகள் சாத்தியிருக்கின்றன. நம்முடையது என்று எண்ணிப் பிறருடையதை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். மனத்தில் கள்ளம் இல்லை. கை போன இடந்தான் தவறு. 'எர்ரர்' என்பதோ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அலைந்து திரிதல் என்று பொருள்படும் சொல்லே அதற்கு மூலம். அலைவதென்றால் விட்டு விலகுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, 'இதுதான் சரியான வழி' என்று கோடு கிழித்துக் காட்டக்கூடிய கணிதம், விஞ்ஞானம், அச்சு முதலிய துறைகளில் இந்தப் பதம் மிகுதியாக வழங்குகிறது. 1631-ஆம் வருஷத்தில் லண்டனில் அச்சிட்ட ஒரு பைபிளில், பிறன்மனை நயத்தலை விலக்கும் கட்டளையிலே 'நாட்' என்ற மூன்றெழுத்துப் பதம் விடுபட்டுப்போய், விலக்கு விதியாகிவிட்டது! அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

'ராங்' என்ற பதத்துக்கு ஆதியில் முறுக்கிக் கோணலானது என்று அர்த்தம். 'ரைட்' என்பது நேரானது. நாமும் 'நேர்மை' என்பதை 'நேர்' என்பதிலிருந்துதான் ஆக்கிக்கொண்டோம். நடுநிலை பிறழ்வதைக் 'கோட்டம்' என்கிறோம். 'ஸ்லிப்' என்பது வழுக்குதல். இலக்கணப் பிழைக்கு நம் முன்னோர் இட்ட 'வழு' என்ற பெயரும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளர் உடைந்து கிடக்கிறது. 'நான் காரணமல்ல' என்று சொல்ல விரும்பும் நமது பையன், 'இட் இஸ் நாட் மை மிஸ்டேக்' என்கிறான். ஓர் இங்கிலீஷ்காரப் பையன் அந்த இடத்தில் 'பால்ட்' என்ற பதத்தையே போடுவான். மிஸ்டேக் என்பது காரியத்தைப் பற்றிய பேச்சு. பால்ட் என்பது அதற்குப் பொறுப்பாளி யார் என்ற பேச்சு. தமிழில் 'பிழை' என்பதற்கும் 'குற்றம்' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய இதுவே. மற்றொன்று, 'யூ ஆர் மிஸ்டேகன்' என்பது. சொல்லின் உருவத்தைப் பார்த்தால், 'உம்மைப் பிறர் தவறாக எண்ணிவிட்டார்கள்' என்று தோன்றும். பொருளோ நேர்மாறானது: 'நீர்தான் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்' என்பது. 'யூ ஆர் ராங்' என்று முகத்திலடித்தாற்போல் சொல்ல வேண்டியதை, இப்படிச் சற்றுத் தலை வணங்கிச் சொல்லுகிறார்கள்.

இத்தனை பதங்கள் கைவசம் இருப்பது மரியாதைக்கு மட்டுமன்றித் தப்பித்துக்கொள்வதற்கும் உதவும். இதற்குச் சரித்திரத்தில் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது.

1854-ஆம் வருஷம் அக்டோபர் 25-ஆம் தேதி. கிரிமியா யுத்தத்தில் பாலக்லாவா என்னும் இடத்துக்கு அருகே பிரிட்டிஷ் சேனாதிபதி ராக்லன் பிரபு ஒரு குன்றின்மேல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேட்டில் தம் தரப்பாரிடமிருந்து பிடிபட்ட பீரங்கிகளை ருஷியர்கள் இழுத்துச் செல்வதாகத் தோன்றவே, குதிரைப்படை விரைந்து முன்னேறி அதைத் தடுக்க வேண்டுமென்று சீட்டெழுதி அனுப்பினார். கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்ற கேள்விக்கு, சீட்டைக் கொண்டுவந்த காப்டன் நோலன் பொதுவாகக் கையை வீசிக் காட்டினார். அவர் கை காட்டிய திசையில், பள்ளத்தாக்கின் கோடியில், எதிரியின் பீரங்கிகள் வரிசையாக வாய் திறந்து நின்றன. அறுநூற்றுக்கு மேற்பட்ட குதிரை வீரர்கள் அந்த வாய்க்குள் பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் மாண்டார்கள். பாய்ச்சல் தொடங்கியவுடனே விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். ஆகவே அவரைக் கேட்பதற்கும் வழியில்லாமற் போயிற்று.

இதற்கு என்ன பெயர் இடுவது? ராக்லன் தமது அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், உத்தரவைப் பற்றிய ஒரு 'மிஸ்கன்ஸெப்ஷன்' காரணமாக இது நேர்ந்தது என்று குறிப்பிட்டார். எவ்வளவு நாசூக்கான பதம்! உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது, அதை வாங்கியவர் மனத்தில்தான் தவறான கருத்து உருவாயிற்று என்ற தீர்ப்பு அந்த ஒரே பதத்துக்குள் அடங்கிவிட்டது. லூக்கன் அதை உடனே புரிந்துகொண்டு ஆட்சேபித்தார். பலன், 1855-இல் அவரை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கவி டென்னிஸனோ சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள் எழுதிய புகழ்பெற்ற பாட்டில் 'பிளண்டர்' என்ற பதத்தைப் போட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடுமாறி நடப்பது என்பது அதன் பழம் பொருள். எர்ரர் என்று சொல்லிச் சமாளிக்க முடியாத மூடத்தனமான பிழைக்கே அந்தப் பெயர். ஆனால் பிளண்டர் செய்த ஆசாமி யார் என்பதைக் கவி சொல்லவில்லை. தளபதிகளின் மானத்தைக் காப்பதற்கு எத்தனையோ பதங்கள் கிடைத்தன. மாண்ட வீரர்களுக்கு மிஸ்கன்ஸெப்ஷன் ஆனால் என்ன, பிளண்டர் ஆனால் என்ன? லூக்கன் பிரபு 1887-இல் பீல்ட் மார்ஷல் பதவியே பெற்றுவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர்மேலும் குற்றம் இல்லாத பிழையும் உண்டு. அதற்கு 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' என்ற பெயர் சரியாகப் பொருந்தும். 1864-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் அறிவார்கள். பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் வரும் 125 பேல் சூரத் பஞ்சைப் பற்றி ஓர் ஒப்பந்தம். 'நிகரற்றது' என்று அர்த்தப்படும் அந்தப் பெயருக்கு நிகராக மற்றொரு கப்பலுக்கும் அதே பெயர் இருந்தது! வாங்குகிறவர் அக்டோபரில் பம்பாயை விட்டுப் புறப்பட்ட கப்பலை நினைத்திருந்தார். விற்கிறவர் டிசம்பரில் புறப்பட்டதை நினைத்திருந்தார். இருவரும் உண்மையே பேசினார்கள். ஆனால் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. தீர்ப்பு வாங்குகிறவர் பக்கம் ஆயிற்று.

காதும் நாக்கும் செய்யும் பிழைகளுக்கு மனிதர் பெயரையே இட்டு வேடிக்கை பார்ப்பது இங்கிலீஷ்காரர் வழக்கம். ஷெரிடன் 1775-இல் மேடையேற்றிய நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப் என்றொரு சீமாட்டி வருகிறாள். முதலையைக் குறிக்கும் 'அல்லிகேட்டர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், உருவகக் கதையைக் குறிக்கும் 'அல்லெகரி' என்று கம்பீரமாகச் சொல்லுவாள். அத்தகைய பிழைக்கு இன்றும் 'மாலப்ராபிஸம்' என்று பெயர். பழைய ஸ்காத்லாந்துப் பாட்டு ஒன்றில், கொலையுண்ட பிரபுவைப் பசும்புல்மேல் கிடத்தினார்கள் என்று வரும் இடத்தை, ஸில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் குழந்தைப் பருவத்தில் 'லேடி மாண்டிகிரீன்' என்று கேட்டுவிட்டார். பிரபுவோடு ஒரு பிரபுபத்தினியும் மாண்டாள் என்றே அவர் எண்ணியிருந்தார். 1954-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாட்டைத் தவறாகக் கேட்பதற்கு 'மாண்டிகிரீன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த பதம் 'மம்ப்ஸிமஸ்'. இதன் கதையை 1516-இல் எராஸ்மஸ் என்ற பேரறிஞர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பாதிரியார் லத்தீன் ஜபத்தில் 'ஸும்ப்ஸிமஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மம்ப்ஸிமஸ்' என்று பல வருஷங்களாகச் சொல்லிவந்தார். முன்னது 'எடுத்துக்கொண்டோம்' என்று பொருள்படும். பின்னதற்குப் பொருளே கிடையாது. ஒருவர் திருத்தியபோது பாதிரியார், உம்முடைய புதிய ஸும்ப்ஸிமஸுக்காக என் பழைய மம்ப்ஸிமஸை விடமாட்டேன் என்று கூறிவிட்டாராம். பிழை என்று தெரிந்த பின்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுபவருக்கு அதுமுதல் அதுவே பெயராயிற்று. தமிழில் இதற்கு ஒரே சொல் எனக்கு அகப்படவில்லை. அகப்பட்டால் சில வீடுகளிலும் பல ஆபீஸுகளிலும் உடனே உபயோகப்படும்.

ஆனால் ஒருவர் பிடிவாதமாகச் செய்தால் மம்ப்ஸிமஸ். ஊரே சேர்ந்து செய்தால் அதுவே இலக்கணம். பட்டாணியை இங்கிலீஷில் முன்பு 'பீஸ்' என்பதே ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று ஜனங்கள் தவறாக எண்ணி, அதை வெட்டி, 'பீ' என்று புதிதாக ஓர் ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். சமையல் செய்கிறவர்கள் உடைமேல் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்' என்றே இருந்தது. கைத்துடைக்கும் 'நாப்கின்' அதற்கு உறவு. 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டார்கள். நகரம் முன் பதத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. நம் இலக்கணக்காரர் இப்படிப்பட்ட சலுகைக்கு 'வழுவமைதி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று லண்டன் கடையொன்றில் நுழைந்து, ஆதியில் சரியாயிருந்த 'நேப்ரன்' வேண்டுமென்று கேட்டால், கடைக்காரன் நாப்கினை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பான்.