கனவென்று அறியும் கனவு

உறக்கத்தில் நாம் காணும் கனவுகளிற் பெரும்பாலானவை விழித்தவுடன் மறந்துபோகின்றன. மறவாது நிற்கும் சிலவும் நாம் வேண்டி வந்தவை அல்ல. ஆனால் சிலருக்குச் சில வேளைகளில், கனவு நடந்துகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்ற அறிவு தோன்றிவிடுகிறது. உடல் உறங்குகிறது, கனவும் கலையவில்லை, அறிவு மட்டும் விழித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதனை 'லூசிட் ட்ரீம்' என்பர். தமிழில் 'அறிகனவு' என்று சொல்லலாமா என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டேன். "வினைத்தொகை நன்றாகவே அமைந்திருக்கிறது. அறிந்த கனவு, அறிகின்ற கனவு, அறியும் கனவு மூன்றும் அதற்குள் அடங்கும்" என்றார். ஆகவே அப்பெயரையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.

இதில் எனக்கு நாட்டம் பிறந்ததற்குக் காரணம் நூலறிவு அன்று. எனது ஊர் கடம்பூர். கரிசற் காட்டு நடுவே இருக்கும் எங்கள் ஊரை, ரயிலில் போகிறவர்கள் போளியைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறார்கள். என் தந்தையார் அந்த ரயில் நிலைய மேடையில் போளி விற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் நான் கல்லூரிக்குப் புறப்பட்டு ரயிலில் ஏறிக்கொண்டிருந்தேன். "எலே, இந்தக் கூடையைக் கொஞ்சம் பிடிச்சுட்டுப் போயேம்ல" என்றார். உடன் படிக்கும் நண்பர்கள் பெட்டிக்குள் இருந்தார்கள். நான் காதில் விழாதது போல் ஏறிவிட்டேன். அன்று பிற்பகலில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மாலை வண்டியில் நான் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.

அதன்பின் மாதத்திற்கு மூன்று நான்கு முறை அதே கனவு வரும். வண்டி நகர்கிறது. அவர் கூடையுடன் சன்னலை ஒட்டி ஓடி வருகிறார். எனக்கு வாய் திறக்க வரவில்லை. வேர்த்து விழித்துவிடுவேன். இதில் கொடுமை என்னவென்றால், கனவுக்குள் இருக்கும் வரை அவர் இறந்துபோனது எனக்கு நினைவில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் அதை நான் முழுதாக நம்பினேன்.

இந்த நிலையில்தான் வகுப்பில் திருக்குறளின் 122-ஆம் அதிகாரமான கனவுநிலையுரைத்தலைப் பாடமாகக் கேட்டேன். அதில் தலைவி ஒருத்தி பேசுகிறாள். என் கண்கள் நான் இரந்து கேட்டபடி உறங்குமாயின், கனவில் வரும் அவரிடம் நான் உயிரோடிருக்கும் விதத்தைச் சொல்லுவேன் என்கிறாள். உறங்குமுன்பே கனவிற் சொல்லவேண்டியதைத் தீர்மானித்துக்கொண்டு அவள் படுக்கப் போகிறாள் என்பது என் மனத்தில் தைத்தது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டும் வழக்கம் எனக்கில்லை. வள்ளுவர் உறக்க ஆராய்ச்சி செய்தார் என்று சொல்லவும் வரவில்லை. ஆயினும் இன்று ஆய்வாளர்கள் கற்பிக்கும் முறையின் உயிர்நாடி அந்தத் தலைவியின் எண்ணத்தில் இருக்கிறது.

இனி அவர்கள் கண்டதைப் பார்ப்போம். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில நேரங்களில் விரைந்து அசைவதைக் கண்டு வெளியிட்டனர். அந்நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் தெளிவான கனவொன்றைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை இந்த விரைவிழி உறக்கம் வந்து போகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிப்பது, விடியும் நேரத்தில் அரைமணி வரை கூட நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். பலிப்பதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் நினைவில் நிற்கும் கனவுகள் அந்நேரத்தில்தான் மிகுதி என்பது மெய்.

விரைவிழி உறக்கத்தில் மூளை உடலின் தசைகளைக் கட்டிவைத்துவிடுகிறது. இல்லையேல் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவான். விழிகளுக்கு அந்தக் கட்டு இல்லை. இதனையே இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவரை ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்து, கனவென்று அறிந்ததும் விழிகளை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைக்கவேண்டும் என்று முன்னரே பேசிவைத்திருந்தார். 1975 ஏப்ரலில் அந்தக் குறிப்பு கருவியின் தாளில் பதிவாயிற்று. கனவுக்குள் இருக்கும் ஒருவன் வெளியுலகுக்கு அனுப்பிய தந்தி என்றே அதனைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் இதனைத் தனியே நிறுவினார். 2021-இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒருபடி மேலே சென்றது. கனவு காண்பவரிடம் 8-இலிருந்து 6 போனால் எவ்வளவு என்று வெளியிலிருந்து கேட்டார்கள். அவர் உறக்கம் கலையாமலே விழிகளை இருமுறை அசைத்து விடை சொன்னார்!

இனி பழகும் விதம். நான் செய்ததையே சொல்கிறேன். முதல் வேலை, தலைமாட்டில் ஒரு குறிப்பேடு. விழித்தவுடன் புரண்டு படுக்காமல், கண்ணைத் திறவாமல், எது நினைவிருக்கிறது என்று பின்னோக்கித் தேடி, பிறகு எழுதவேண்டும். முதல் வாரம் எனக்கு "ஒன்றுமில்லை" என்று எழுதத்தான் முடிந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு பக்கம் போதவில்லை. எழுத எழுத, நம் கனவுகளில் திரும்பத் திரும்ப வருபவை எவை என்பது தெரிந்துவிடும். என் ஏட்டில் ரயில் நிலையம் பாதிக்கு மேல் இருந்தது.

இரண்டாவது, பகலிலேயே "இது கனவா?" என்று மெய்யாக ஐயுற்றுச் சோதிக்கும் பழக்கம். கனவில் எழுத்துகள் நிலையாக நிற்பது அரிது. ஒருமுறை படித்து, கண்ணை அகற்றி மீண்டும் படித்தால் பெரும்பாலும் மாறியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பது மற்றொரு சோதனை. கனவாயின் மூச்சு தடையின்றி வரும் என்கிறார்கள். வகுப்பில் நான் இதைச் செய்யப்போய், ஆய்வுக்கூடத்து வாடை பொறுக்கவில்லை போலும் என்று ஆசிரியர் சன்னலைத் திறக்கச் சொன்னார். அன்றோடு மூக்கை விட்டேன். எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையை நாள்தோறும் இருமுறை படிப்பதென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதே முதன்மையானது. லபெர்ஜ் வகுத்த முறை இது. ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவரவேண்டும். "அடுத்துக் கனவு காணும்போது, கனவென்று நினைவுகொள்வேன்" என்று பொருளுணர்ந்து சொல்லிக்கொண்டு, அக்கனவில் தான் விழிப்புற்றதாகப் பாவித்தபடியே உறங்கவேண்டும். வாயளவில் மந்திரம்போல் முணுமுணுத்தால் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையை முடித்து ஐந்து நிமிடத்திற்குள் மீண்டும் உறங்கிவிட்டவர்கள் ஏறக்குறைய 46 விழுக்காட்டு முயற்சிகளில் வெற்றிபெற்றனர். எனக்கு அந்த ஐந்து நிமிடம் வாய்ப்பதுதான் அரிதாயிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரக்கு வண்டிகள் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். இப்படி நள்ளிரவில் எழுவதை நாள்தோறும் செய்தால் பகலுறக்கமே மிஞ்சும். தேர்வுக் காலத்தில் அறவே கூடாது. நான் சனிக்கிழமை இரவுகளில் மட்டுமே செய்தேன். மற்றொன்று, சில வேளை அறிவு விழித்தும் தசைக்கட்டு அவிழாமல், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ அமர்ந்திருப்பது போல் இருக்கும். பேய் அமுக்குகிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். எனக்கு இருமுறை வந்தது. நிமிடக் கணக்கில் தானே நீங்கிவிடும் என்று முன்னரே படித்திருந்ததால் அஞ்சாமல் கிடந்தேன். அடிக்கடி வருமாயின் மருத்துவரைக் காண்பதே முறை.

நான்கு மாதங்கள் எதுவும் கைகூடவில்லை. முதலில் வந்த அறிகனவில், அறிந்த மகிழ்ச்சியிலேயே விழித்துவிட்டேன். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டால் கனவு நிலைக்கும் என்று பிறகுதான் படித்தேன்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு விடியலில் அந்தக் கனவு வந்தது. வண்டி நகர்கிறது. அவர் ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் பெயர்ப்பலகை. பழக்கத்தால் படித்தேன்: கடம்பூர். மீண்டும் படித்தேன்: கரம்பூர். உடனே தெரிந்துவிட்டது. அப்பா இறந்துவிட்டார் என்பதும் கூடவே தெரிந்தது. அழுகை முட்டியது, கைகளைத் தேய்த்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

அவரிடம் சொல்வதற்காக ஒரு வாசகத்தை நான்கு மாதமாக ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. கூடையைக் கையில் வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது, கனம்கூடத் தெரிந்தது. அவர் என் முகத்தை நின்று பார்க்கவுமில்லை. "கூட்டம் அங்கிட்டு இறங்குது பாரு, அந்தப் பெட்டிக்குப் போ" என்றார். போனேன். இரண்டு சன்னலில் விற்றிருப்பேன், விழிப்பு வந்துவிட்டது.

அவர் என் மூளை ஆக்கிய உருவம் என்பதை நான் அறியாமலில்லை, கனவுக்குள்ளேயே அறிந்திருந்தேன். இருந்தும் அதன்பின் அந்த ஓட்டக் கனவு இருமுறைதான் வந்திருக்கிறது. இருமுறையும் வண்டி நின்றுகொண்டிருந்தது. இந்த ஒன்பது மாதங்களில் என் ஏட்டில் மொத்தம் 11 அறிகனவுகள். அவற்றுள் அவர் வந்தவை மூன்று.

அன்று காலை அடுப்படியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மாவைப் பிசைந்தபடியே முழுவதும் கேட்டுவிட்டு, "துட்டு வாங்குனியா?" என்றாள்.