பூஞ்சை சீனம், நாக்கு பிரான்ஸ்

திராட்சையில் சர்க்கரை பழத்திலேயே இருக்கிறது. ஈஸ்ட் வந்து சேர்ந்தால் ஒயின் ஆகிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்கும் வேலையைச் சீனர்கள் பூஞ்சையிடம் ஒப்படைத்தார்கள். ஷாவோசிங் நகரில் கோதுமையை நொறுக்கி, நனைத்து, கட்டியாக அழுத்திப் பூஞ்சை படர விடுகிறார்கள். ‘ச்சூ’ எனப்படும் அந்தக் கட்டியை வெந்த பசையரிசியோடும் தண்ணீரோடும் குளிர்காலத்தில் ஊறவைத்தால், பூஞ்சை சர்க்கரை ஆக்க ஆக்க, அதே கலத்தில் ஈஸ்ட் அதை மதுவாக்குகிறது. காய்ச்சி வடிக்காமலே 15 சதவீத அளவுக்குப் போதை ஏறுவது இந்த இரட்டை வேலையால்தான். இதில் பிரெஞ்சு ஒயின்காரருக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது, ஆனால் அந்தக் கலத்துக்குள் அல்ல என்பதே என் கட்சி.

கலத்துக்குள் கைவைத்த கதை ஏற்கெனவே நடந்துவிட்டது. 1891-இல் வியட்நாமின் சைகோனில் பாஸ்டர் ஆய்வகத்தை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆல்பர்ட் கால்மெட், பின்னாளில் பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அங்கே சீனர்கள் சாராயம் காய்ச்சப் பயன்படுத்திய மூலிகை கலந்த உருண்டைகளை ஆராய்ந்து, மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சையைத் தனியே பிரித்தெடுத்தார். அது போதும், மற்றதெல்லாம் வேண்டாத சுமை என்ற எண்ணத்தில் ஆலைமுறை பிறந்தது. அதே அரிசிக்குச் சாராயம் கூடுதலாகக் கிடைத்தது, மணம் போயிற்று. பிரெஞ்சுக் காலனி அரசு அதையே ஏகபோகமாக்கி விற்றபோது, வியட்நாம் கிராமத்தார் திருட்டுத்தனமாகத் தங்கள் பழைய சரக்கையே காய்ச்சினார்கள். விலையும் வரியும்தானே காரணம் என்று கேட்கலாம். அவையும் காரணம்தான், ஆனால் ருசியைப் பற்றிய புகாரும் அன்றே எழுந்தது. வடித்த சாராயத்தை ஒயினோடு ஒப்பிடலாமா என்றால், நொதிக்கும்போது பிறக்காத மணம் வடித்த பிறகு எங்கிருந்து வரும்?

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் ரிஷார் ஜோஃப்ருவா. தோம் பெரிஞோன் ஷாம்பேனை 28 ஆண்டுகள் உருவாக்கியவர், ஜப்பானின் தொயாமாவில் ‘இவா’ என்ற அரிசி மதுவைத் தொடங்கினார். 2020-இல் அது வெளிவந்தது. பூஞ்சை வேலையை ஜப்பானிய முறைக்கே விட்டுவிட்டார். வெவ்வேறு அரிசி ரகங்களிலும் ஈஸ்ட்களிலும் ஆக்கிய மதுக்களை ருசித்து, விகிதம் பார்த்துக் கலப்பதுதான் அவர் பங்கு. ஷாம்பேன்காரரின் ஆதித் தொழில் அதுவே. ஜப்பானைக் காட்டிச் சீன மதுவுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? பூஞ்சை இனமும் வளர்ப்பும் வேறுதான். ஆனால் ஒரே கலத்தில் இரட்டை வேலை என்ற அடிப்படை ஒன்றே.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: பிரெஞ்சுப் பெயர் ஒட்டினால் விலை ஏறும், வேறென்ன? சில புட்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் கலக்கும் கலை ஷாவோசிங்குக்கு அந்நியமல்ல. களிமண் பூசி மூடிய ஜாடிகளில் கிடந்த பல ஆண்டு மதுக்களை அங்கும் ருசி பார்த்தே கலக்கிறார்கள். வெளியுலகில் பலர் அந்த மதுவை அறிந்திருப்பதோ, வாணலியில் இறைச்சிமேல் ஊற்றும் சமையல் சாமானாக. அதைக் கோப்பையில் ஊற்றி, ஆண்டும் ஜாடியும் விசாரித்துப் பருகவைக்க ஒரு பிரெஞ்சு நாக்கு உதவுமானால், லாபம் ஷாவோசிங்குக்கே.