உங்களுக்குத் தெரியுமா? முடங்கிய சக்கரம் காட்டிய புதையல்!

2004 ஜனவரியில் நாசா செவ்வாயில் இறக்கிய 'ஸ்பிரிட்' ஊர்திக்கு ஆறு சக்கரங்கள். 2006இல் வலது முன்சக்கரத்தின் மோட்டார் பழுதாகி, சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. அங்கே போய் யார் ரிப்பேர் பார்ப்பது? பொறியாளர்கள் ஊர்தியை ரிவர்ஸிலேயே ஓட்டினார்கள். முடங்கிய சக்கரம் ஏர் உழுவதுபோல மண்ணைக் கீறிக்கொண்டே இழுபட்டு வந்தது.

2007இல் அந்தக் கீறலில், செம்மண்ணுக்கு அடியிலிருந்து பளிச்சென்று வெள்ளை மண் தெரிந்தது. ஆராய்ந்து பார்த்தால், அதில் சுமார் 90 சதவீதம் சிலிக்கா! வெந்நீர் ஊற்றோ எரிமலை நீராவியோ இருந்த இடங்களில்தான் சிலிக்கா இப்படிச் செறிந்து சேரும். ஒருகாலத்தில் அங்கே வெப்பமும் நீரும் சேர்ந்தே இருந்தன என்பதற்கு இது வலுவான சான்று.

• ஸ்பிரிட்டுக்குக் குறித்த ஆயுள் 90 செவ்வாய் நாட்கள்தான். உழைத்ததோ ஆறு ஆண்டுகளுக்கும் மேல்!

• சோலார் தகடுகளில் படிந்த தூசியைச் செவ்வாய்க் காற்றே அவ்வப்போது ஊதித் தள்ளியது.

• அதன் இரட்டையான 'ஆப்பர்ச்சூனிட்டி' 2018 வரை இயங்கி, 45 கி.மீ. கடந்தது. வேற்றுக் கோளில் மாரத்தான் தூரத்தைத் தாண்டிய முதல் ஊர்தி அதுதான்.