திரிந்த பாலும் ஆறாவது இடமும்

அட்டப்பாடிக்கு வண்டி ஏறுமுன் ஆனைக்கட்டியில் டீ குடிக்க ஒதுங்குபவர்களிடம் பேச்சு பெரும்பாலும் யானையில் தொடங்கும். அன்று யானை வரவில்லை, ஓர் அட்டை வந்தது. "சார், இதுல ஏ.எஸ்.னு போட்டிருக்குங்க. அக்கா பையனுக்கு எஸ்.எஸ்.னு போட்டிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதானா?" என்று ரத்தப் பரிசோதனை அட்டையை நீட்டினார் ஓர் இருளர் இளைஞர். அது அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனை அட்டை. இந்த நோய்க்கென்று தேசியத் திட்டம் ஒன்று 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. நாற்பது வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு.

ஒன்றல்ல, தம்பி. ஏன் ஒன்றல்ல என்று சொல்ல இந்த டீயிலிருந்தே வர வேண்டும்.

மூணாற்றுத் தேயிலையில் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு, இனிப்பு புளிப்பு போல வெறும் சுவை மட்டுமில்லை. எச்சிலில் வழவழப்புக்காக இருக்கும் புரதங்களைத் தேயிலையின் பாலிஃபீனால்கள் பிடித்துக் கட்டிவிடுகின்றன. வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கிறது. பால் ஊற்றினால் அவற்றில் ஒரு பங்கைப் பாலின் கேசின் புரதம் முந்திக்கொண்டு பிடித்துவிடும், துவர்ப்பு குறையும். இந்தப் பிடிப்புகள் எல்லாமே பலவீனமானவை. வாய் கொப்பளித்தால் போச்சு. உயிர்வேதியியலில் வேடிக்கையே இதுதான்: வலுவான பிணைப்பு அமைதியாக ஒரு மூலையில் இருக்கும், ஆட்டம் முழுவதையும் இந்தப் பலவீனமானவை ஆடும்.

வலுவானதை முதலில் முடித்துவிடுவோம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீளமான சங்கிலி. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு முனையில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி, மறுமுனையில் அமிலத் தொகுதி. பாலக்காடு ஜங்ஷனில் பெட்டிகளைக் கோக்கிறார்களே, அப்படி. ஏ.சி. பெட்டியோ சரக்குப் பெட்டியோ, உள்ளே என்ன இருந்தாலும் முன்னும் பின்னும் கொக்கி ஒன்றுதான். ஒன்றின் அமில முனை அடுத்ததன் அமினோ முனையோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். நிற்பது பெப்டைடு பிணைப்பு. இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு இது. கொதிக்கும் தண்ணீரில் சிறிது நேரம் போட்டால் அசையாது. முட்டையை வேகவைக்கும்போது மாறுவது மடிப்புதான், வரிசை அறுவதில்லை.

நம் உடம்பு புரதம் கட்ட எடுத்துக்கொள்ளும் அமினோ அமிலங்கள் அடிப்படையில் 20. அவை வேறுபடுவது நடுவிலிருந்து தொங்கும் பக்கத் தொகுதியில். (தேயிலையில் தியானைன் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. அது எந்தப் புரதத்திலும் கோக்கப்படுவதில்லை, வேரில் உண்டாகி இலைக்கு ஏறி டீக்குச் சுவை கொடுப்பதோடு சரி. அமினோ அமிலம் என்றாலே புரதம் என்று நினைத்துவிடக் கூடாது.) பக்கத் தொகுதிகளில் சிலவற்றுக்கு மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு நன்றாக ஒட்டும். குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டக்காரர், லைசின் நேர்மின்னூட்டக்காரர். வாலின், லூசின், ஃபினைல் அலனின் போன்றவை எண்ணெய்ச் சுபாவம், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும்.

உயிரணுவுக்குள் எங்கும் தண்ணீர். ஆகவே சங்கிலி மடங்கும்போது எண்ணெய்ச் சுபாவக்காரர்கள் உள்ளே ஒளிய, மின்னூட்டக்காரர்கள் வெளியே முகம் காட்ட, இடையே நூற்றுக்கணக்கான ஹைட்ரஜன் பிணைப்புகள் மடிப்பைத் தாங்கும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலு சகப்பிணைப்பில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. எண்ணிக்கைதான் அதற்குப் பலம். சங்கிலி நினைத்தபடியெல்லாம் மடங்கிவிடவும் முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாத கோணங்கள் சிலவே. அவற்றை ஒரே படத்தில் அடக்கியவர் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனுடன் சேர்ந்து 1963-இல் வெளியிட்டார். புரத அமைப்பைச் சரிபார்க்கிறவர்கள் இன்றும் உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயர் இன்னும் சத்தமாக ஒலிக்கலாம்.

சரி, பால் திரிவதற்கு வருவோம். கடைக்காரருக்கு இது பாடமே இல்லை: வைத்த பால் கொஞ்சம் புளித்திருந்தால் அடுப்பில் கொதி வந்ததும் திரிந்துவிடும். பாலில் கேசின் சின்னஞ்சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். உருண்டைகள் கட்டிக்கொள்ளாமல் இருப்பதில் அந்தத் தள்ளலுக்கும் பங்குண்டு. புளிப்பு ஏறும்போது வரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன. தள்ளுவதற்கு ஆளில்லை, ஒட்டிக்கொள்கின்றன, திரிகிறது. ஒரு பெப்டைடு பிணைப்பும் அறுபடவில்லை, ஓர் அமினோ அமிலமும் மாறவில்லை. மேற்பரப்பின் குணம் மாறியது, அவ்வளவே. பாத்திரத்தைக் கழுவி ஊற்ற அது போதும்.

இனி ரத்தம். சிவப்பணு ஒன்றுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு சங்கிலிகள்: 141 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். எதிர்மின்னூட்டம், வெளிமுகம், தண்ணீரோடு சிநேகம். அரிவாள் செல் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் வாலின். 146-இல் ஒன்று. மரபணுவில் பார்த்தால் ஓர் எழுத்து மாற்றம்.

நுரையீரலில் ஆக்சிஜனைச் சுமக்கும்போது இந்த ஹீமோகுளோபின் சாதுவாகத்தான் இருக்கும். தசைகளில் இறக்கி வைத்தபின் அதன் வடிவம் சற்றே மாறுகிறது. அப்போது பீட்டா சங்கிலியில் வேறோர் இடத்தில், ஃபினைல் அலனினும் லூசினும் அமைத்த எண்ணெய்ச் சுபாவக் குழி ஒன்று திறந்துகொள்கிறது. எல்லோருக்கும்தான் திறக்கிறது, ஆனால் பொருந்த யாரும் வருவதில்லை. இங்கே பக்கத்து மூலக்கூறின் வாலின் தண்ணீருக்கு ஒதுங்கிப்போய் அந்தக் குழிக்குள் அமர்கிறது. அதன் வாலின் அல்லது குழி அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு. விறைத்த இழைகள் நீள்கின்றன. 14 சரங்கள் முறுக்கிய கயிறு ஒவ்வொன்றும். உருண்டு நெளிந்து ஓட வேண்டிய அணுவை அவை உள்ளிருந்து அரிவாளாக வளைக்கின்றன. மெல்லிய நாளங்களில் அது சிக்கினால் எலும்பில், நெஞ்சில், வயிற்றில் தாங்க முடியாத வலி. சாதாரணச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளில் சிதைகிறது. இரத்தசோகை வருவது இதனால்தான்.

மின்னூட்டம் போனதால் மட்டும் வந்த வினையா இது? இல்லை. அதே ஆறாவது இடத்தில் லைசின் வந்து உட்கார்ந்த ஹீமோகுளோபின் சி என்றொரு வகை மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. அங்கும் குளுட்டாமிக் அமிலம் இல்லைதான். ஆனால் லைசின் அந்தக் குழிக்குள் போகாது, இந்த இழைகளும் வராது, நோய் லேசானது. பால் திரிவதோடு இந்தக் கதை பிரியும் இடம் இது. பாலுக்குத் தள்ளல் குறைந்ததே போதும், இங்கே ஒட்டுகிறவரும் வர வேண்டும்.

மின்னூட்ட மாற்றத்தை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1949-இல் லைனஸ் பாலிங் குழு மின்புலத்தில் ஹீமோகுளோபினை ஓடவிட்டபோது, நோயாளியினுடையது வேறு வேகத்தில் நகர்ந்தது. ஒரு மூலக்கூறால் வரும் நோய் என்று ஒன்றைச் சொன்னது அதுவே முதல் தடவை. 1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அந்தப் புரதத்தைத் துண்டுகளாக்கி வடிதாளில் விரித்துப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. இதற்கு நடுவே 1952-இல் லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தில் இதே குணத்தைக் கண்டு எழுதினார்கள். இருளர்களும் அதில் அடக்கம். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரிதும் எண்ணியிருந்தார்கள்.

உன் அட்டைக்கு வருவோம், தம்பி. ஏ என்பது வழக்கமான ஹீமோகுளோபின், எஸ் என்பது அரிவாள் வகை. அப்பா அம்மாவிடமிருந்து ஆளுக்கொரு மரபணுப் பிரதி வரும். உனக்கு ஒன்று ஏ, ஒன்று எஸ். உன் சிவப்பணுக்களில் எஸ் பாதிக்கும் குறைவு; நடுவே ஏ நிறைய இருப்பதால் இழை எளிதில் நீளாது. சாதாரணமாக உனக்கு நோய் இல்லை. மலேரியா ஆட்டிப்படைத்த இடங்களில் இந்த ஏ.எஸ். பிள்ளைகளுக்கு மலேரியாவிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு இருந்தது என்று ஆந்தனி அல்லிசன் 1954-இல் ஆப்பிரிக்காவில் காட்டினார். அந்த எஸ் பிரதி தலைமுறை தாண்டி நிலைத்ததன் காரணம் அதுதான். அக்கா பையனுக்கு இரண்டும் எஸ். என்றால் உன் அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு எஸ். வைத்திருக்கிறார்கள்.

"அப்ப எனக்கு?" என்றார். கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். பெண் ஏ.ஏ. என்றால் எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வராது. பெண்ணும் ஏ.எஸ். என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு எஸ்.எஸ். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்ற கணக்கு செல்லாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. இந்த அட்டையைப் பார்த்துப் பெண் கொடுக்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அது அறியாமை. பார்க்க வேண்டியது இரண்டு அட்டைகளையும் சேர்த்து.

பையன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது தண்ணீர். அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேகமாக இழை பிடிக்கும். செறிவு சற்றே கூடினாலும் வேகம் பல மடங்காகும். வெயிலில் விளையாடித் தாகத்தோடு கிடந்தால், காய்ச்சலில் நீர் வற்றினால், மலைக் குளிரில் வெடவெடத்தால் வலி கிளம்பும். ரத்தம் குறைவு என்று யாராவது இரும்பு மாத்திரை கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். இங்கே குறை இரும்பில் இல்லை; அடிக்கடி ரத்தம் ஏற்றிய பிள்ளைகளுக்கு இரும்பு மிஞ்சிப்போய்க் கெடுதலும் செய்யும்.

அவன் விழுங்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து வேறு கதை. கருவில் இருக்கும்போது நமக்குப் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அதில் அந்த வாலின் கிடையாது, இழைக்குள்ளும் சரியாகச் சேராது. எஸ்.எஸ். குழந்தை பிறந்து முதல் சில மாதங்கள் நோவில்லாமல் இருப்பது அதனால்தான். அந்தப் பழைய காமா உற்பத்தியை இந்த மருந்து மறுபடி கொஞ்சம் கூட்டுகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையையும் அது அடக்கும், வெள்ளையணுக்களும் இறங்கலாம். குறித்த நாளில் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்ப்பது அதற்குத்தான். "ஊசி குத்தியே பையனை நோகடிக்கிறாங்க" என்று அக்கா புலம்பினால் இதைச் சொல், தம்பி.